கேட்டில் விழுந்த வெளிச்சம்

ஜூன் 3

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. அம்மா எழுதச் சொன்னாள். எழுதி முடிக்கும்வரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன் என்றாள், உட்கார்ந்தும் இருக்கிறாள். போனில் பேசலாம்தான். ஆனால் போன தடவை நீ பாதியில் வைத்துவிட்டாய், அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன். காகிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது.

விஷயம் அப்பாவின் கார். இரண்டு வருஷமாக உறை போட்டு ஷெட்டில் கிடந்ததை நான்கு மாதம் முன்பு எடுத்தேன். பார்க்கவே பிடிக்கவில்லை என்று அப்பா போன அன்றைக்கு நீ திரும்பிக்கொண்டாயே, அதே கார்தான். எனக்கு மட்டும் ஆசையா என்ன? அம்மாவின் முழங்கால் முன்னைப்போல் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பயிற்சிக்கு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ் நம் மேட்டுக்கு ஏறுவதில்லை. நான் எக்ஸ்ரே அறையில் வேலையைப் பார்த்துக்கொண்டே அவளையும் பார்த்துக்கொள்கிறேன், சாயங்காலம் சேர்ந்து திரும்புகிறோம். ஆகவே ‘காரை விற்றுவிடு’ என்று ஆரம்பிக்காதே.

இரண்டு கோளாறு. ஒன்று, ஆட்டோமேட்டிக் வண்டிதானே, கியர் லிவரை டிரைவில் போட்டால் உடனே கிளம்பாது. இரண்டு மூன்று வினாடி யோசித்துவிட்டு, பின்னால் யாரோ தள்ளிவிட்ட மாதிரி குதித்துக்கொண்டு கிளம்பும். இன்னொன்று, வண்டி நகராமல் நிற்கிற பார்க் நிலையில் லிவரை வைத்துச் சாவியைத் திருப்பினால் சில நாள் சத்தமே வராது. லிவரை இரண்டு ஆட்டு ஆட்டினால் ஸ்டார்ட் ஆகும். நியூட்ரலில் வைத்தால் ஒழுங்காக ஆகிறது. தெருமுனை மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறான்.

நீ கியர்பாக்ஸ் வேலையில் பெரிய ஆள் என்று ஊரெல்லாம் சொல்கிறது. எனக்குத் தெரிந்து நீ கடைசியாக இங்கே செய்த வேலை, என் தோட்டத்து ஹோஸின் நுனியை வெட்டிக்கொண்டு போனதுதான். செடிக்கு இன்றைக்கும் ஒரு சாண் தள்ளி நின்றுதான் தண்ணீர் விடுகிறேன்.

அம்மா உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள்.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தக் குவாரிக்குத் தபால் லாரியோடு வாரம் இரண்டு தடவைதான் வரும். பதில் தாமதமானால் என்னைத் திட்டாதே.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் போய்விட்டது என்று ஒருவன் சொன்னால், அவனுக்கு அதைத் திறக்கத் தெரியாது என்று அர்த்தம். முதலில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பார். பத்து நிமிஷம் ஓட்டி எஞ்சின் சூடான பிறகு, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே அளவுக் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடை. இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. காப்பி நிறத்தில் இருந்து தீய்ந்த வாடை வந்தால் உள்ளே தட்டுகள் எரிகின்றன, அப்போது ஓட்டவே ஓட்டாதே. அளவு குறைந்திருந்தால் அந்த வண்டிக்குரிய ஆயிலையே ஊற்று. கிடைத்ததை ஊற்றாதே. டிரைவில் தாமதிப்பது பெரும்பாலும் ஆயில் குறைவுதான்.

உன் தெருமுனை ஆள் எதையாவது ஒட்டுப் போட்டிருக்கிறானா என்றும் பார்த்துக்கொள். இங்கே என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். உரிய பாகம் கையில் இல்லாமல் எதையாவது வைத்து ஓட்டினால், அந்த இடத்தில் சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்ட வேண்டும். அடுத்து அதைத் திறக்கிற கை எதுவானாலும், இது நிரந்தரமில்லை என்று தெரியும். கட்டாதவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இந்த ராட்சத மெஷின்களுக்கு நடுவே ஆள் சாகாமல் இருப்பது அந்தத் துணியால்தான்.

பார்க்கில் ஸ்டார்ட் ஆகாதது லிவரைச் சரியாகப் போடாததால் இருக்கும். நன்றாகத் தள்ளிப் போடு. அப்பாவிடமும் எத்தனையோ சொன்னேன், அவருக்கு எதுவும் மனதில் நிற்காமல் போய்விட்டது. அது தெரிந்தும் அவர் கையில் சாவி இருந்தது. சரி, அதை விடு. அம்மாவுக்கு என் அன்பு.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

அதை விடு என்று எழுதிவிட்டால் விட்டதாகிவிடுமா? கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, அப்பாவை எடுத்துப்போக வண்டி வாசலில் நிற்கும்போது, ‘மறதிக்காரர்கிட்ட சாவியைக் கொடுத்தது யாரு’ என்று கேட்டாய். என்னைவிட ஏழு வயது சின்னவன். நான் தூக்கி வளர்த்தவன். அன்றிலிருந்து அண்டை வீட்டார் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. அப்பா கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவார், கிழமையை மாற்றிச் சொல்வார். நாற்பது வருஷம் ஓட்டிய கையும் காலும் மறந்துபோகிற அளவுக்கு அவர் போகவில்லை. இதை எழுதி உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, எழுதினால் எனக்குத் தூக்கம் வரும்.

ஆயில் பார்த்தேன். நல்ல சிவப்பு, வாடை இல்லை, அளவு மட்டும் குறைவு. உரியதை வாங்கி ஊற்றினேன். டிரைவில் யோசிப்பது நின்றுவிட்டது. அதற்கு நன்றி. அம்மா ‘என் பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று மூன்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

பார்க்கில் ஸ்டார்ட் ஆகாதது அப்படியேதான் இருக்கிறது. நன்றாகத் தள்ளித்தான் போடுகிறேன், எனக்கும் கை இருக்கிறது. அதனால் நின்ற இடத்தில் எஞ்சினை அணைப்பதே இல்லை. அணைத்தால் மறுபடி கெஞ்ச வேண்டும்.

நேற்று ஒன்று பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். நம் வழக்கம் உனக்குத் தெரியும். கேட்டுக்குள் நுழைந்து, ஷெட்டுக்கு முன்னால் சரிவில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, முதலில் கேட்டை மூடிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் ஏற்றுவது. நாய் ஓடிவிடும் என்று அப்பா ஏற்படுத்திய முறை. நாய் செத்து நான்கு வருஷமாகிறது, பழக்கம் சாகவில்லை. அம்மா இறங்கிக் கேட்டை மூடப் போனாள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கண்ணாடியில் பார்த்தேன். கேட்டின் மேலும் அம்மாவின் புடவை மேலும் வெள்ளை வெளிச்சம் விழுந்திருந்தது. ரிவர்ஸ் லைட். லிவரைப் பார்த்தேன், பார்க்கில் இருந்தது. லேசாகத் தொட்டதும் வெளிச்சம் போய்விட்டது. வயரிங் கோளாறு என்று நினைக்கிறேன். இருந்தாலும் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், லாரி நிற்கிறது.

கேட்டை மூடும்போது வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். முக்கியமாக அம்மா. ஹேண்ட்பிரேக் போடு. எங்கே நிறுத்தினாலும் எஞ்சினை அணை. பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு பெரிய கல் வை. எல்லாம் பொதுவான ஜாக்கிரதைதான், பழைய வண்டி. காரணத்தைப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தெருமுனை மெக்கானிக் லிவருக்கு அடியில் உள்ள மூடியைத் திறந்தானா? வேறு யாராவது?

ஒன்று கேட்க மறந்தேன். அன்றைக்கு நீதானே முதலில் ஓடினாய், லிவர் எதில் இருந்தது?

தம்பி


ஜூன் 26

தம்பிக்கு,

இரண்டு வருஷத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீ. லாரி நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே கேட்கிறாய்.

பார்க்கில் இருந்தது.

நான் சமையலறையில் இருந்தேன். இரும்பு நசுங்குகிற சத்தம் கேட்டு ஓடினேன். கார் பின்பக்கமாகக் கேட்டில் மோதி, இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நடுவில் இருந்தார். நான் கதவைத் திறந்து சாவியைத் திருப்பி அணைத்தேன். அணைக்கும்போது லிவரைப் பார்த்தேன், பார்க். விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னேன். ‘பதட்டத்துல நீங்களே மாத்தியிருப்பீங்கம்மா’ என்றார். ஓட்டியவர் ரிவர்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார் என்று எழுதிக்கொண்டார். நீ வந்தாய், நீயும் அதையே சொன்னாய். கியர்பாக்ஸ் தெரிந்தவன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று நானும் என் கண்ணை நம்பாமல் விட்டேன். என் கைதான் தட்டியிருக்க வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அப்பா சாவதற்கு முந்தின வாரங்களில் மூன்று தடவை என்னிடம் வந்து, வண்டி பார்க்கில் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது என்றார். ‘லிவரைச் சரியாப் போடுங்கப்பா’ என்றேன். மூன்றாவது தடவை கொஞ்சம் கத்தியே சொன்னேன். நீ எனக்கு எழுதிய அதே பதில். அதற்குப் பிறகுதான் அவரும் எஞ்சினை அணைக்காமல் இறங்க ஆரம்பித்திருப்பார். இது எனக்குள் முள்ளாக இருக்கிறது.

இப்போது ஏன் கேட்கிறாய்? உனக்கு என்ன தெரியும்?

மூடியை மெக்கானிக் தொடவில்லை. ஹேண்ட்பிரேக் தூக்கினால் ஆடுகிற பல் மாதிரி வருகிறது, கேபிள் அறுந்து எத்தனை வருஷமோ. நம் வீட்டில் அதை யார் எப்போது போட்டோம்? கல் வைக்கிறேன். அம்மா கைத்தடியால் அதை ஓரம் தள்ளிவிடுகிறாள், தடுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்று. கேட்டையும் விடமாட்டேன் என்கிறாள். ‘அவரு நின்ன இடம்டி, தினம் ஒரு நிமிஷம் நான் நின்னுக்கறேன்’ என்கிறாள். இதற்கு நான் என்ன சொல்ல? காரணம் சொல்லாமல் எதைச் சொன்னாலும் அம்மா கேட்கமாட்டாள் என்று உனக்குத் தெரியாதா? காரணத்தை எழுது, படித்துக் காட்டுகிறேன்.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

நீ தேவையில்லாமல் பயப்படுகிறாய். உன் கை எதையும் தட்டவில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்.

மாதக் கடைசியில் எனக்கு லீவு. வந்து நானே பார்க்கிறேன். அதுவரை காரை எடுக்காமல் இருந்தால் நல்லது. பயிற்சிக்கு நான்கு வாரம் போகாவிட்டால் முழங்கால் ஒன்றும் ஓடிப்போய்விடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் நான் சொன்ன கல்லை மறக்காதே.

லிவருக்கு அடியில் உள்ள மூடியை யாரும் திறக்க வேண்டாம். நீயும் திறக்காதே. உள்ளே நுணுக்கமான வேலை, தெரியாத கை பட்டால் கெட்டுவிடும். நான் வந்து திறக்கிறேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய வண்டி, அவ்வளவுதான். இங்கே வேலை அதிகம், தலை நிமிர நேரமில்லை.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

அம்மா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நடந்தது வெள்ளிக்கிழமை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினோம். வழக்கம்போல் சரிவில் நிறுத்தி பார்க்கில் போட்டேன். நன்றாகத் தள்ளி, குனிந்து பார்த்து, பார்க் என்று வாய்விட்டுச் சொல்லியே போட்டேன். எஞ்சினை அணைக்கவில்லை, அது என் தப்பு. ‘இறங்காதம்மா, நான் கல் வெச்சுட்டு வரேன்’ என்றேன். ஷெட் ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், அவள் இறங்கிக் கேட்டுக்குப் போய்விட்டாள். ஒரு கதவை மூடியாயிற்று, இன்னொன்றில் கை வைத்திருக்கிறாள். அப்போது எஞ்சின் சத்தம் மாறியது. கனமான எதையோ இழுக்கப்போகிற மாதிரி ஒரு முனகல். கேட்டின் மேல் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. கார் நகர்ந்தது. உள்ளே ஆள் இல்லை.

கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் எறிந்தேன். எப்படி எறிந்தேன் என்று தெரியவில்லை. பத்துக் கிலோவாவது இருக்கும். சக்கரம் அதில் ஏறி, பின்பக்கம் ஒதுங்கி, அம்மாவை விட்டு ஒரு முழம் தள்ளிக் கேட்டில் மோதியது. கதவு அவளை அடித்துக் கீழே தள்ளியது. இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க வேறு ஆளைக் கூப்பிடுகிறோம் என்றார்கள். நான் விடவில்லை, நானே எடுத்தேன். ‘மூச்சைப் பிடிச்சுக்கம்மா’ என்று தினம் ஐம்பது பேரிடம் சொல்கிறவள், அம்மாவிடம் அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டடியில் விழுந்து கிடந்தபோது அவள் வலி என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உள்ள யாருமே இல்லடி, நான் பார்த்தேன்’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘அப்போ அவரும் சரியாத்தான் போட்டிருக்காரு’ என்றாள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். இரண்டு வருஷமாக அவள் அப்பாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை உன் கடிதத்தைப் பிரித்தேன். மூடியைத் திறக்காதே என்று எழுதியிருந்தாய். உடனே போய்த் திறந்தேன். நான்கு திருகாணி, அவ்வளவுதான். லிவரிலிருந்து ஒரு கேபிள் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அது லிவரோடு சேர்கிற முனையில் ஒரு ரப்பர்த் துண்டு கிழிந்து தொங்கியது. லிவரைப் பார்க்குக்குத் தள்ளிப் பார்த்தேன். லிவர் வந்துவிட்டது, கேபிள் முழுசாக வரவில்லை, பாதியில் நின்றுவிட்டது. எனக்கு கியர்பாக்ஸ் தெரியாது. ஆனால் வெளியே ஒன்று தெரிவதும் உள்ளே வேறொன்று இருப்பதும் என் தினசரி வேலை.

ரப்பர் என்றேனே, அது பச்சை. என் தோட்டத்து ஹோஸ். அதன்மேல் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

அப்பா போவதற்கு மூன்று மாதம் முன்பு நீ லீவில் வந்தாய். லிவர் லொடலொட என்கிறது என்று அவர் சொன்னார். கிளம்புகிற அன்று காலையில் நீ காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாய், அடுத்த லீவில் பாகம் வாங்கி வருகிறேன் என்றாய். எல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது. உனக்கு எப்போது ஞாபகம் வந்தது? நான் வெளிச்சத்தைப் பற்றி எழுதியபோதா? அதற்குப் பிறகு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாய்.

இரண்டாம் தேதி மத்தியானம் போன் வந்தது. எடுத்தேன், யாரும் பேசவில்லை. பின்னால் கல் உடைக்கிற மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று தடவை ஹலோ சொன்னேன், வைத்துவிட்டார்கள். அன்றைக்கு நீ ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

துண்டையும் துணியையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். அம்மா கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்துவிட்டாள். சிவப்புத் துணி எதற்கு என்று கேட்கிறாள், நான் சொல்லவில்லை. எனக்கு எழுதாதே. அவளுக்குச் சொல்.

அக்கா


ஜூலை 13

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், இதைக் கடைசியாக வைத்துக்கொள்.

ஜூன் இருபதாம் தேதி நான் இரண்டு கடிதம் எழுதினேன். உனக்கு வந்தது இரண்டாவது. முதலாவதில் எல்லாம் இருந்தது. தேய்ந்த ரப்பருக்குப் பதிலாக நான் வைத்த ஹோஸ், துணி, அது கிழிந்தால் லிவர் பார்க்குக்கு வந்தாலும் கியர்பாக்ஸ் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நின்றுவிடும் என்பது, பார்க்கில் ஸ்டார்ட் ஆகாதது அதனால்தான் என்பது, எஞ்சின் அதிர்வில் அது ரிவர்ஸில் விழும் என்பது, காரைத் தொடவே தொடாதே என்பது. லாரி டிரைவர் கையை நீட்டியபோது அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு காகிதத்தில் கல் வை என்று கிறுக்கிக் கொடுத்தேன். கூடம் நிறைய ஆட்கள் முன்னால் உன்னைக் கேட்டவன், அது நான்தான் என்று எப்படி எழுதுவது என்று கை ஓடவில்லை. போன் பண்ணியதும் நான்தான். உன் மூன்று ஹலோவையும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தத் துணியைக் கட்டியதே எனக்கு ஞாபகமில்லை. கைப்பழக்கத்தில் கட்டியிருக்கிறேன். அடுத்து அதைத் திறக்க வேண்டிய கை என்னுடையது. பாகம் வாங்க வேண்டும் என்பதைக் குவாரிக்கு வந்த மறுநாளே மறந்தேன். அப்பா செத்த அன்று காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று திரும்பிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மறதிக்காரர் என்று அவரைச் சொன்னேன். அவர் ஒன்றையும் மறக்கவில்லை அக்கா. உன்னிடம் மூன்று தடவை வந்து சொன்னதும் சரி, அன்றைக்கு லிவரைப் போட்டதும் சரி.

நேற்று ஆட்களைக் கூப்பிட்டு, உன் உறையில் வந்ததை மேஜைமேல் வைத்து, இது யார் வேலை என்று சொன்னேன். ஒர்க்‌ஷாப் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

நாளைக் காலை லாரியில் கிளம்புகிறேன், இந்தக் கடிதமும் அதே லாரியில்தான் வரும். எது முதலில் வந்து சேரும் என்று தெரியவில்லை. பையில் வைத்திருந்த முதல் கடிதத்தைக் கொண்டுவருகிறேன். அம்மாவுக்கு நானே படித்துக் காட்ட வேண்டும். நீ பக்கத்தில் இரு, நான் எதையாவது விழுங்கினால் உனக்குத் தெரியும்.

கேட்டை எனக்காகத் திறந்து வைக்காதே. நான் வெளியிலேயே நிற்கிறேன். அம்மா கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.

தம்பி